முதல் செமஸ்டர் நிரலாக்கத் தாள்: பிள்ளைகள் எங்கே கழன்றுகொள்கிறார்கள்?

#1 அரைப்புள்ளி
ஞாயிறு, இரவு 9.10

முதலாண்டு நிரலாக்கத் தாளை நடத்தும் விதத்தை மாற்றி எழுதித் தரும் வேலையைத் துறையில் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். தென்மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி. வகுப்புக்கு 62 பேர். பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது, அதில் ஒரு வரியைக்கூடத் தொட முடியாது. பாடம் நடத்தும் முறை, லேப், இன்டர்னல் மதிப்பெண் இவை மட்டும்தான் நம் கையில்.

2017 விதிமுறையில் அண்ணா பல்கலைக்கழகம் முதல் செமஸ்டரில் சி மொழி இருந்த இடத்தில் பைத்தானை வைத்தது. எல்லாத் துறைக்கும் அதுதான். அதோடு பிரச்சினை தீரும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. தீரவில்லை. முன்பு சியில் வரி முடிவில் வைக்கும் அரைப்புள்ளி விட்டுப்போய் அழுதார்கள். இப்போது பைத்தானில் வரித் தொடக்கத்து இடைவெளி விட்டுப்போய் அழுகிறார்கள்.

சென்ற ஆண்டு நடந்தவை இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று. கரும்பலகையில் 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்று எழுதினேன். எக்ஸில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி மறுபடி எக்ஸிலேயே வை என்று பொருள். இரண்டாவது வரிசையில் ஒரு பையன் நோட்டில் என்னவோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தான். "மேடம், இரண்டு பக்கமும் எக்ஸ் அடிபட்டுப் போகிறது. பூஜ்யம் சமம் ஒன்று என்று வருகிறதே?" வகுப்பு சிரித்தது. சத்தமாகச் சிரித்தவர்கள் பள்ளியிலேயே கணினி அறிவியல் எடுத்தவர்கள். அந்தப் பையன் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. பன்னிரண்டு வருடம் கணக்கு வாத்தியார்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சமக்குறியை நான் ஒரே நாளில் வேறு பொருளில் எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று சொல்லாமலே. அதன் பிறகு செமஸ்டர் முடியும்வரை அவன் கை தூக்கவில்லை.

இரண்டு. லேப் தேர்வு. வழக்கம்போல் சீட்டு எடுக்கும் முறை, பன்னிரண்டு நிரல்களில் ஒன்று வரும். ஒரு மாணவி ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்தாள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நான்கு இடைவெளிகளை விரலால் எண்ணி எண்ணி அடித்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். முடித்ததும், "10 வரை கூட்டுகிறாய் அல்லவா, 20 வரை கூட்டச் சொல்" என்றேன். முகம் வெளிறிவிட்டது. "அது வேறு புரோகிராம் மேடம்" என்றாள்.

வெளியிலிருந்து பார்த்தால் இருவருமே தேர்ச்சி. அரியர் இல்லை. அமெரிக்காவில் முதல் தாள் பிடிக்காவிட்டால் பிள்ளை வேறு துறைக்குப் போய்விடுகிறது, அதனால் அங்கே எண்ணிக்கை குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே கவுன்சலிங்கில் எடுத்த துறை எடுத்ததுதான். பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விடுகிறார்கள்.

கொஞ்ச நாளாகக் கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி செய்ததைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். முதலில் உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

#2 நெல்லைச்சீமை
ஞாயிறு, இரவு 9.24

"அது வேறு புரோகிராம் மேடம்." இதைச் சட்டம் போட்டுத் துறை வாசலில் மாட்டுங்கள்.

#3 பழையவாத்தியார்
ஞாயிறு, இரவு 10.02

அம்மா, 34 வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் ஃபோர்ட்ரான் படித்தபோது துளை அட்டையில் குத்திக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருப்போம். ஒரு காற்புள்ளி தப்பினால் ஒரு நாள் போச்சு. அதனால் கொடுப்பதற்கு முன்பே காகிதத்தில் பத்து முறை ஓட்டிப் பார்ப்போம். எங்களுக்கு யாரும் தாளை மாற்றி எழுதித் தரவில்லை.

உண்மை என்னவென்றால், இது சங்கீதம் மாதிரி. சிலருக்குக் காதில் ஏறும், சிலருக்கு ஏறாது. எந்த வருடத்து மதிப்பெண்ணை வரைந்து பார்த்தாலும் இரண்டு மேடு தெரியும், ஒட்டகத்தின் முதுகு போல. இந்தப் பக்கம் வருபவர்கள் ஒரு மேடு, வராதவர்கள் ஒரு மேடு. இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வாகவே செய்தார்கள். நிரலாக்கம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சின்னத் தேர்வு வைத்து, யார் தேறுவார்கள் என்று பிரித்துவிடலாம் என்றார்கள். கட்-ஆஃப் இறங்கிக்கொண்டே போகும்போது, நடத்தும் முறையைப் பழிப்பதில் என்ன பயன்?

#4 தரவுப்பூச்சி
ஞாயிறு, இரவு 11.31

ஐயா, மரியாதையோடு ஒரு திருத்தம். நீங்கள் சொல்லும் ஒட்டகக் கட்டுரை 2006இல் சுற்றுக்கு வந்தது, எழுதியவர்கள் தெஹ்னாதியும் போர்னட்டும். அதில் போர்னட், அந்தத் தேர்வால் தேறுபவர்களையும் தேறாதவர்களையும் பிரித்துவிடலாம் என்ற கூற்றை 2014இல் வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெற்றது மட்டும் ஏனோ அவ்வளவு தூரம் பரவவில்லை. ஒட்டகம் ஊர் ஊராக நடந்துகொண்டேதான் இருக்கிறது.

இரண்டு மேடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016இல் பட்டிட்சாஸும் கூட்டாளிகளும் கனடாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் மதிப்பெண் பட்டியல்களை எடுத்துச் சோதித்தார்கள். மொத்தம் 778 பட்டியல்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மேடு இருப்பதாகப் புள்ளியியல் காட்டியது 5.8 சதவீதத்தில்தான். அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மேடு என்றும் இரண்டு மேடு என்றும் படிக்கக்கூடிய சில வரைபடங்களை ஆசிரியர்களிடம் காட்டி, எத்தனை மேடு என்று கேட்டார்கள். திறமை பிறவியிலேயே வருவது என்று நம்பியவர்களின் கண்ணுக்குத்தான் இரண்டு மேடு அதிகம் தெரிந்தது.

முதல் தாளில் தோற்பவர்கள் பற்றி: 2007இல் பென்னட்சனும் காஸ்பர்சனும் பல நாட்டுக் கல்லூரிகளிலிருந்து திரட்டிய கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். 2014இல் வாட்சனும் லீயும் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆகவே இது உங்கள் கல்லூரியின் பிரச்சினை மட்டும் அல்ல, மேடம். ஆனால் மூன்றில் ஒருவர் என்பது இயற்கை விதியும் அல்ல. கல்லூரிக்குக் கல்லூரி பெரிய வேறுபாடு இருந்தது.

#5 கடைசிபெஞ்ச்
திங்கள், காலை 6.48

ஐயா சொல்லும் இரண்டாவது மேட்டில் இருந்தவன் நான்.

அரசுப் பள்ளி, தமிழ் வழி, உயிரியல் பிரிவு. கல்லூரிக்கு வரும்வரை கணினியைத் தொட்டதே இல்லை என்று சொன்னால் மிகை. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடும்போது தொட்டிருக்கிறேன், எலியை. விசைப்பலகையை அந்த அக்காதான் தட்டினார்.

முதல் லேப். வெப்பநிலையை ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு மாற்றும் நிரல். எனக்கு நினைவிருப்பது, நட்சத்திரக் குறி எங்கே இருக்கிறது என்று தேடியதுதான். 8ஆம் எண்ணின் தலையில் இருக்கிறது. அதை அடிக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நான் அதைக் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரன் முடித்துவிட்டு, "சார், அடுத்தது என்ன?" என்று கேட்டான். சார் மகிழ்ந்துபோய் அவனுக்கு அடுத்ததைக் கொடுத்தார். மூன்றாவது வாரத்தில் வகுப்பே அவனுக்கும் சாருக்கும் நடுவில் நடக்கும் உரையாடலாக மாறிவிட்டது. நாங்கள் அறுபது பேர் பார்வையாளர்கள்.

நான் கெட்டிக்காரன் இல்லை என்ற முடிவுக்கு வர எனக்கு மூன்று வாரம்தான் பிடித்தது. அந்த முடிவு தப்பு என்று தெரிய ஐந்து வருடம் ஆனது. இப்போது மென்பொருள் வேலையில்தான் இருக்கிறேன். முதல் தாளில் அரியர் வைத்தவன்.

#6 அரைப்புள்ளி
திங்கள், இரவு 8.55

கடைசிபெஞ்ச் தம்பி, நீங்கள் எழுதியதை மதியம் ஆசிரியர் அறையில் வாசித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஹார்வி மட் பற்றிச் சொல்ல வந்ததும் இதே விஷயம்தான்.

கிளேர்மான்ட் என்ற ஊரில் இருக்கும் சின்னக் கல்லூரி. அறிவியலும் பொறியியலும் கணிதமும்தான். எந்தத் துறைக்குப் போகிறவரும் முதல் செமஸ்டரில் ஒரு கணினித் தாள் எடுத்தே ஆக வேண்டும். முன்பு அது ஜாவா கற்றுக்கொடுக்கும் தாள். கணினித் துறையைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர் என்ற அளவில் இருந்தார்கள். 2006இல் தாளை மாற்றினார்கள். அதே ஆண்டுதான் மரியா கிளாவே அங்கே தலைவராக வந்தார். ஆனால் தாளை மாற்றும் யோசனை துறை ஆசிரியர்களுடையது. சில ஆண்டுகளில் பெண்கள் பத்தில் நான்காக ஆனார்கள். 2016இல் பட்டம் பெற்ற கணினி மாணவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள்.

இதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் "ஜாவாவை விட்டு பைத்தானுக்குப் போனார்கள்" என்பதையே தலைப்பில் போடுகிறார்கள். அது நாமும் செய்ததுதானே! எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு.

வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். முன் அனுபவமே இல்லாதவர்களுக்குத் 'தங்கம்', கொஞ்சம் தெரிந்தவர்களுக்குக் 'கறுப்பு'. கல்லூரியின் அடையாள நிறங்கள் அவை. முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று பெயர் வைக்கவில்லை பாருங்கள். பிரித்தது மதிப்பெண்ணை வைத்தும் இல்லை, முன்பு எழுதிப் பழகியிருக்கிறாரா என்பதை வைத்து. அடுத்த தாளில் இரண்டு பிரிவும் ஒன்றாகிவிடும். பின்னர் உயிரியல் சார்ந்த கணக்குகளோடு 'பச்சை' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள்.

அடுத்தது, கடைசிபெஞ்ச் சொன்ன பக்கத்து நாற்காலிக்காரன். எல்லா வகுப்பிலும் அவன் இருப்பான். அங்கே அவனை என்ன செய்தார்கள் தெரியுமா? அடக்கவில்லை, திட்டவில்லை. ஆசிரியர் தனியாக அழைத்து, நீ வகுப்பில் இருப்பது எனக்கு மகிழ்ச்சி, ஆனால் உன் கேள்விகளைக் கேட்டு மற்றவர்கள் மிரளுகிறார்கள், நாம் இதையெல்லாம் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து பேசுவோமா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். செலவு பூஜ்யம். பதினொரு வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் அந்தப் பையன்களுக்கு முதல் பெஞ்ச் கொடுத்தவள்.

மூன்றாவது, முதல் வாரத்து வீட்டுப்பாடம். 'பிகோபாட்' என்று ஒரு சின்ன ரோபோ. கட்டம் கட்டமான அறை. அதற்குத் தெரிவதெல்லாம் தான் நிற்கும் கட்டத்தின் நான்கு பக்கமும் சுவர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். 'இந்த நிலையில் இருந்து, வடக்கே சுவர் இல்லை என்றால், வடக்கே ஒரு கட்டம் போ' என்ற மாதிரி விதிகளை எழுதி, எந்த இடத்தில் தொடங்கினாலும் ஒரு கட்டம் விடாமல் அறை முழுவதையும் சுற்றி வரச் செய்ய வேண்டும். பள்ளியில் மூன்று நிரல்மொழி படித்தவனும் இதைப் பார்த்திருக்க மாட்டான். எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலும் இதே பாடம்தான். ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 1995 தொடங்கி மாணவர்களைப் பேட்டி கண்டார்கள். முன் அனுபவத்தைத் திறமை என்று எல்லோரும் தப்பாகப் படிக்கிறார்கள் என்பது அதில் வெளிப்பட்டது. அனுபவத்துக்கு ஏற்ப நுழைவு வழிகளை மாற்றினார்கள், சேர்க்கையில் நிரலாக்க அனுபவத்துக்குக் கொடுத்த எடையைக் குறைத்தார்கள். கணினி அறிவியலில் சேர்பவர்களில் 1995இல் 7 சதவீதமாக இருந்த பெண்கள் 2000இல் 42 சதவீதம்.

#7 பழையவாத்தியார்
திங்கள், இரவு 9.40

தரவுப்பூச்சி அவர்களே, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது எனக்குத் தெரியாது. சரி, ஒட்டகத்தை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஹார்வி மட் எண்ணூறு, தொள்ளாயிரம் பேர் படிக்கும் பணக்காரக் கல்லூரி. வடிகட்டி எடுத்த பிள்ளைகள். அங்கே செய்ததை இங்கே சொல்வது மடத்தில் சாப்பிட்டவன் பந்தியைக் குறை சொல்வது போல. அதோடு அங்கும் எல்லாம் சுபம் இல்லை. 2017இல் படிப்புச் சுமை தாங்கவில்லை என்று மாணவர்கள் குரல் எழுப்பி, வகுப்புகளையே சில நாள் நிறுத்தி வைத்தார்களே?

என் முக்கியக் கவலை வேறு. விளையாட்டு, ரோபோ, தங்கம், கறுப்பு என்று தாளை இனிப்பாக்கினால், மூன்றாம் செமஸ்டரில் தரவுக் கட்டமைப்பு எடுப்பவரிடம் அவர்கள் என்ன தெரிந்துகொண்டு போவார்கள்?

#8 மேற்குக்கரை
செவ்வாய், அதிகாலை 4.15 (இங்கே மாலை)

ஐயா கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கண்டிப்பாக நடத்துவதாகச் சொல்லும் தாள்களில் பிள்ளைகள் எவ்வளவு தெரிந்துகொண்டு போனார்கள் என்று 2001இல் மெக்ராக்கன் தலைமையில் நான்கு பல்கலைக்கழகங்களில் சோதித்துப் பார்த்தார்கள். முதல் தாள் முடித்த 216 பேர். சராசரி 110க்கு 23கூட இல்லை. ஆக, இனிப்பு சேர்க்காத தாளும் அப்படி ஒன்றும் கற்றுக்கொடுத்துவிடவில்லை.

பெரிய கல்லூரியில் என்ன செய்யலாம் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கே முதுகலை படித்தபோது ஒரு பேராசிரியரின் உதவியாளராக இருந்தேன். சக மாணவர் வழிக் கற்றல் முறையில் வகுப்பு நடக்கும். ஹார்வர்டில் எரிக் மஸூர் இயற்பியலுக்காக 1991இல் தொடங்கியது, பிறகு கணினிக்கும் வந்தது.

திரையில் ஒரு கேள்வி வரும். உதாரணத்துக்கு இப்படி:

அ = 5
ஆ = அ
அ = 7

இப்போது ஆ-வின் மதிப்பு என்ன? ஐந்தா, ஏழா, பிழையா? முதலில் யாரோடும் பேசாமல் ஒவ்வொருவரும் வாக்களிப்பார்கள். வாக்குக் கருவி இல்லாவிட்டால் அட்டை போதும். முடிவை ஆசிரியர் சொல்ல மாட்டார். "பக்கத்திலிருப்பவரிடம் உங்கள் பதிலுக்குக் காரணம் சொல்லுங்கள்" என்பார். அந்த இரண்டு நிமிடம் அறை சந்தைக்கடையாகும். நான் வரிசைக்கு நடுவில் நடந்து ஒட்டுக்கேட்பேன். ஏழு என்று சொன்ன ஒரு பெண், 'ஆவையும் அவையும் கட்டிவைத்தாயிற்று, ஒன்று மாறினால் மற்றதும் மாறத்தானே வேண்டும்' என்று வாதாடினாள். அரைப்புள்ளி மேடத்தின் இரண்டாம் வரிசைப் பையன் சமக்குறியைப் பார்த்த அதே பார்வை! பக்கத்தில் இருந்தவன் இரண்டு காகிதத் துண்டில் ஐந்து, ஐந்து என்று எழுதி, ஒன்றை மட்டும் அடித்து ஏழாக்கிக் காட்டினான். பேராசிரியர் அரை மணி நேரம் சொன்னாலும் அவ்வளவு தெளிவாக வந்திருக்காது. பிறகு மறுபடி வாக்கு. அதற்குப் பிறகுதான் விளக்கம்.

சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியோ போர்ட்டர், பெத் சைமன் முதலியோர் பல ஆண்டுகளின் கணக்கை எடுத்தார்கள். நான்கு தாள்களில், வழக்கமான விரிவுரை வகுப்புகளில் தோல்வி சராசரியாக 20 சதவீதம், இந்த முறையில் 7 சதவீதம். நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரும் வகுப்புகளை நடத்தும் இடம் அது. பணக்காரச் சின்னக் கல்லூரி இல்லை.

#9 நெல்லைச்சீமை
செவ்வாய், காலை 7.05

எங்கள் வகுப்பில் பக்கத்தில் இருப்பவனிடம் பேசியதற்கு முட்டி போட்டிருக்கிறேன். அது கற்றல் முறை என்று அப்போதே தெரிந்திருந்தால்!

சரி, உருப்படியாக ஒரு கேள்வி. ஆங்கிலம்தான் தடை என்றால் 'எழில்' மாதிரி தமிழிலேயே நிரல் எழுதும் மொழியில் தொடங்கலாமே?

#10 கடைசிபெஞ்ச்
செவ்வாய், காலை 8.20

என் அனுபவத்தில் 'ஃபார்', 'இஃப்', 'பிரிண்ட்' ஒரு தடையே இல்லை. மொத்தம் முப்பது சொச்சம் சொற்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், மேற்குக்கரை எழுதிய அந்த மூன்று வரியும் அப்படியே ஓடும்.

தடை எது என்றால் விளக்கம். அதைவிடவும் பிழைச் செய்தி. திரையில் சிவப்பில் ஏழு வரி வந்து விழும்போது, அதில் கடைசி வரியை மட்டும் படித்தால் போதும் என்று யாராவது ஒருமுறை தமிழில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு செமஸ்டர் மிச்சமாகியிருக்கும். நான் அதைத் திட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையாகத்தான். கம்ப்யூட்டர் திட்டுகிறது, மூடிவிடு என்று மூடிவிடுவேன்.

#11 தரவுப்பூச்சி
செவ்வாய், மதியம் 1.30

"வடிகட்டி எடுத்த பிள்ளைகள்" என்ற ஐயாவின் வாதத்துக்கு இன்னொரு பதில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம். 1999 முதல் அங்கே எல்லா மாணவர்களுக்கும் ஒரு கணினித் தாள் கட்டாயம். கலை, கட்டடக்கலை, மேலாண்மை மாணவர்களும் பொறியியல் மாணவர்களுடன் ஒரே தாளில். அந்த மூன்று துறையிலிருந்து வந்தவர்களில் தேறியவர்கள் பாதி அளவில்தான். 2003இல் மார்க் கஸ்டியால் அவர்களுக்கென்று ஒரு தாளை உருவாக்கினார். எண்களைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு புகைப்படத்தைத் திறந்து, ஒவ்வொரு புள்ளியாகப் போய் அதன் சிவப்பைப் பாதியாக்கு, படத்தை நெகட்டிவ் ஆக்கு, ஒலியைத் திருப்பி ஓட்டு. சுழற்சி (லூப்) ஏன் வேண்டும் என்று தனியாக விளக்கவே வேண்டாம். லட்சம் புள்ளிகளைக் கையால் மாற்ற முடியாது என்பது பார்த்தாலே தெரிகிறது. தேர்ச்சி 85 சதவீதத்துக்குப் போனது.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனைகள் அல்ல. ஹார்வி மட்டில் தாளை மாற்றிய அதே சமயத்தில் முதலாண்டு மாணவிகளைக் கணினித் துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள், கோடை விடுமுறையில் ஆய்வு வேலையும் கொடுத்தார்கள். எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 62 பேர் வகுப்பில் ஒரே வருடத்து எண்ணை வைத்து யாரும் வெற்றி விழா கொண்டாட வேண்டாம்.

#12 பழையவாத்தியார்
செவ்வாய், இரவு 8.10

நடு வகுப்பில் காகிதத் துண்டு காட்டிய பையனைப் பற்றிப் படித்ததும் எங்கள் துளை அட்டைக் காலம் நினைவுக்கு வந்தது. அட்டையைக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்கும்போது ஒருவர் தாளை ஒருவர் பார்த்துப் பிழை கண்டுபிடிப்போம். நான் தனியாகக் கற்றேன் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் செமஸ்டர் பற்றிய கவலை இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரு யோசனை. வெளித்தேர்வாளராகப் போகும் இடங்களில் நானும் அந்த '20 வரை கூட்டு' கேள்வியைத்தான் வைவாவில் கேட்பேன். ஆனால் அது தேர்வின் கடைசி இரண்டு நிமிடத்தில் வருவதால் பிள்ளைகளுக்குத் தண்டனையாகப் போகிறது. அதையே இன்டர்னலுக்குக் கொண்டுவாருங்கள். ஓடுகிற நிரலைக் கையில் கொடுத்து ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். வரிகளைக் குலுக்கிக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். மனப்பாடத்துக்கு மார்க் இல்லை என்றால் மனப்பாடம் தானாக நிற்கும். ரெக்கார்டு நோட்டில் வெளியீட்டைப் பென்சிலால் வரையச் சொல்லும் வழக்கத்தையும் யாராவது ஒழியுங்கள், புண்ணியமாகப் போகும்.

#13 மேற்குக்கரை
புதன், அதிகாலை 5.02

ஐயா, வரிகளைக் குலுக்கிக் கொடுக்கும் கேள்விக்குப் பெயரே இருக்கிறது. நியூசிலாந்தில் பார்சன்ஸ் என்பவரும் ஹேடன் என்பவரும் 2006இல் எழுதியது. இங்கே 'பார்சன்ஸ் கணக்கு' என்கிறார்கள். நீங்கள் உங்கள் பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

#14 அரைப்புள்ளி
சனி, மாலை 5.20

எல்லோருக்கும் நன்றி. துறையில் ஒரு வழியாக ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எழுதிவைக்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

வகுப்பைப் பிரிக்க நேர அட்டவணை இடம் தராது. ஆனால் லேபுக்கு எப்படியும் இரண்டு அணியாகத்தான் போகிறார்கள். இதுவரை பதிவு எண் வரிசைப்படி முதல் 31, அடுத்த 31. இனி அனுபவப்படி. மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். உயிரியல் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. இந்த இரண்டு கூட்டத்தையும் கலந்து உட்காரவைத்து, 'எல்லோரையும் சமமாக நடத்துகிறேன்' என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அணிகளுக்குப் பெயர் வைகை, தாமிரபரணி. எது எந்த அணி என்பதை இங்கேகூடச் சொல்ல மாட்டேன்.

லேபில் இருவருக்கு ஒரு கணினி. ஒருவர் தட்டுவார், மற்றவர் வழி சொல்வார், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இப்படி ஜோடியாக எழுதியவர்கள் தாளைப் பாதியில் விடாமல் இறுதித் தேர்வு வரை வந்தது அதிகம். எங்களுக்கு இதில் இன்னொரு வசதி, 31 கணினிகளில் எட்டு எப்போதும் பழுது.

முதல் லேபில் நிரலே இல்லை. விசைப்பலகை. நட்சத்திரக் குறி எங்கே இருக்கிறது, பிழைச் செய்தியில் எந்த வரியைப் படிக்க வேண்டும். வேண்டுமென்றே ஐந்து பிழை செய்யச் சொல்லி, என்ன வருகிறது என்று எழுதச் சொல்லப்போகிறேன்.

வகுப்பில் வாரம் மூன்று வாக்குக் கேள்வி. பழையவாத்தியார் ஐயாவின் வரி மாற்றும் கேள்விகள் இன்டர்னலில் பாதி.

#15 நெல்லைச்சீமை
சனி, மாலை 5.41

வைகையில் தண்ணீர் இருக்காது, தாமிரபரணியில் வற்றாது. பெயரிலேயே காட்டிக்கொடுத்துவிட்டீர்களே மேடம்!

#16 அரைப்புள்ளி
சனி, மாலை 5.58

ஐயையோ. மாற்றிவிடுகிறேன். மல்லிகை, முல்லை.

#17 அரைப்புள்ளி
ஐந்து வாரம் கழித்து, வெள்ளி இரவு

கேட்டிருந்தவர்களுக்கு: முதல் இன்டர்னல் அடுத்த வாரம்தான், அதனால் எண் எதுவும் இல்லை. இருந்தாலும் தரவுப்பூச்சி விடமாட்டார். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பிகோபாட்டைக் கணினியில் ஓட்டவில்லை. கிராஃப் நோட்டில் அறை வரைந்து, விதிகளை எழுதி, பக்கத்தில் இருப்பவர் ரோபோவாக இருந்து பென்சிலை நகர்த்த வேண்டும். சொல்லாத எதையும் செய்யக் கூடாது. முதல் அரை மணி நேரத்தில் எல்லா ரோபோக்களும் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. பள்ளியில் கணினி அறிவியல் எடுத்த ஒருவன் வேகமாக எழுதியது பாதி அறையைத்தான் சுற்றியது, நடுவில் தொடங்கியதால் மேலே இருந்த வரிசைகள் விட்டுப்போயின. முல்லையா மல்லிகையா என்று சொல்லக்கூடாத அணியில் ஒரு விவசாயி வீட்டுப் பையன் கையெழுத்து அடித்தல் திருத்தலோடு ஒன்பது விதி எழுதியிருந்தான். எப்படி வந்தது என்று கேட்டேன். "சால் ஓட்டுவது போலத்தான் மேடம். நடு வயலில் ஏரை இறக்கினால் பாதி கிடந்துபோகும். முதலில் ஒரு மூலைக்குப் போகச் சொல்லிவிட்டேன்" என்றான். வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சரியாக நடக்காததும் உண்டு. ஜோடி போட்டதில் நான்கு ஜோடிகள் பேசவே மாட்டேன் என்கிறார்கள், பதினைந்து நிமிடம் ஆனதும் மௌனமாக நாற்காலியை மாற்றிக்கொள்கிறார்கள். மூன்று பேர் வருவதே இல்லை. ஒரு மூத்த சக ஆசிரியர், என் வகுப்பின் சத்தத்தால் தன் வகுப்பு கெடுகிறது என்று எழுத்திலேயே புகார் கொடுத்திருக்கிறார். யூனிட் இரண்டில் ஒரு வாரம் பின்தங்கியும் இருக்கிறேன்.

முதல் பெஞ்சுக்காரனைத் தனியாக அழைத்துப் பேசினேன். ஹார்வி மட் ஆசிரியர்கள் சொன்ன மாதிரி எல்லாம் எனக்கு நயமாக வரவில்லை. அவன் முகம் வாடிவிட்டது. அப்புறம் ஒரு வேலை கொடுத்தேன். வாக்குக் கேள்விக்குத் தப்பான விடைகள் நீ தயார் செய், ஆனால் யாராவது உண்மையாகவே நம்பும் தப்பாக இருக்க வேண்டும் என்றேன். முதல் வாரம் கொண்டுவந்த தப்புகளுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. இப்போது மாலையில் லேபில் மற்றவர்களின் பின்னால் நின்று, அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று ஒரு குயர் நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறான்.

#18 பழையவாத்தியார்
வெள்ளி, இரவு 10.30

அந்தப் பையனின் நோட்டை செமஸ்டர் முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா அம்மா? தபால் செலவு என்னுடையது.

#19 கடைசிபெஞ்ச்
சனி, காலை 6.30

மேடம், வாக்கு அட்டை என்ன நிறத்தில் செய்தீர்கள்? எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் என் தோழி ஒருவர் தொடங்கப்போகிறார்.

#20 அரைப்புள்ளி
சனி, காலை 9.15

சிவப்பும் பச்சையும் வேண்டாம், வகுப்பில் ஓரிருவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். நான் பழைய நாள்காட்டி அட்டையை நான்காக வெட்டி, பின்பக்கம் அ, ஆ, இ, ஈ என்று மார்க்கரில் பெரிதாக எழுதிவிட்டேன். நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள், தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனைப் பார்த்து மாற்றிக்கொள்கிறான்.